எகிப்து அண்ணையின் சாப்பாட்டுச் சுவர்

செத்த பிறகு சாப்பாட்டுக்கு என்ன வழி என்று யோசித்த ஒரே தமிழர், ரொறன்ரோ முழுக்கத் தேடினாலும், எங்கள் எகிப்து அண்ணை ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் அவரும் நானும் இருந்தோம். அவருக்கு டவுன்ரவுணில் ஒரு மியூசியத்தில் செக்யூரிற்றி வேலை. பகல் முழுக்க எகிப்துக் கூடத்தில் நிற்க வேண்டும். பேச்சுத்துணைக்கு ஆளில்லை. எதிரே பழைய கல்லறைச் சுவரொன்று. அதில் பெரிய மனிதர் ஒருவர் மேசைக்கு முன்னால் அமர்ந்திருக்க, பாண் ரொட்டியும் வாத்தும் பியர்க் குடமுமாக வேலையாட்கள் வரிசையில் வருவார்கள். கல்லில் செதுக்கிவிட்டால் செத்தவருக்கு அதெல்லாம் உண்மையாகவே கிடைக்குமாம்.

"எனக்கு இஞ்சை ஆர் படைக்கப்போறாங்கள்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூட்றைவரை எடுத்தவர், கட்டிலோரச் சுவரைச் செதுக்கத் தொடங்கினார். முதலில் மேசையும், அதற்கு முன்னால் தானும். பிறகு நண்டு வந்தது. புட்டுக்குழல் வந்தது. கூழ்ப்பானை வந்தது. பானையைச் சுமந்துகொண்டு, குச்சிக் கால்களோடு ஒருவன்.

"உது ஆர் அண்ணை?"

"நீதான்."

"நான் ஏன் வேலைக்காரன்?"

"விசரா, வரிசையிலை நிண்டால் உனக்கும் சாப்பாடு!"

வீட்டுக்காரர் படியிறங்கி வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். "ஐயோ, என்ரை சுவர்!"

"கோவியாதேங்கோ. உங்களையும் வெட்டியிருக்கிறன். உந்த மாட்டைப் பிடிச்சுக்கொண்டு வாறது நீங்கள்தான்."

"நான் சைவம், ஐசே!"

"அது பால்மாடு."

வீட்டுக்காரர் குனிந்து, தன் தொந்தி சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மேலே போய்விட்டார்.

சுவரில் செதுக்கிய மேசையருகே இன்னொரு நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. மனைவிக்காம். அவர் யாழ்ப்பாணத்தில். அவரைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் வருடக்கணக்காக இழுபட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப அக்காவையும் வெட்டுங்கோவன். படம் இருக்குத்தானே?"

"அது கலியாணப் படமடா. இப்ப அவள் எப்பிடியோ. பிழையா வெட்டினால் வேறை ஆரும் வந்து இருந்திடுவாங்கள்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருவழியாக விசா கிடைத்தது. "எனக்கு ஆளைத் தெரியாமல் போனால்?" என்று விமான நிலையத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கதவு திறக்கும்போதெல்லாம் என் கையை இறுக்கினார். நரைத்த தலையோடு ஒரு பெண் எங்களைக் கடந்து போய், நின்று, திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா, இப்பிடி மெலிஞ்சு போனியள்? சாப்பிடுறேல்லையோ?"

எகிப்து அண்ணை என் கையை விட்டார். விம்மி விம்மி அழுதார்.

இருவரும் மிசிசாகாவில் வீடெடுத்துப் போனார்கள். அடுத்த நாள் வேலையால் வந்து உலையில் அரிசி போட்டேன். இறக்கிப் பார்த்தால், சோறு இரண்டு பேருக்கு.