‘போறேன்’ சொல்ல மறுத்த தாய்மாமன்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது என்று ஆரம்பித்தால், வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அடையாள அட்டை உண்டா என்று கேட்கிற காலம் இது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுவோம். வேலிக்கு இந்தப் பக்கம். அட்டை உண்டு. பெயர் சங்கிலிமுத்து. முள்ளம்பன்றிதான் என்றாலும் ஒரு பெண்ணுக்குத் தாய்மாமன். அவரைப் போய் அது, இது என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அவருடைய தங்கை மாடத்தியைக் கட்டிக்கொடுத்தபோது காட்டில் வேலி கிடையாது. காலையில் தங்கை வீட்டுக்குப் போய் நாலு கிழங்கைத் தின்றுவிட்டு மத்தியானம் திரும்பிவிடலாம். தங்கை மகள் பூங்கோதைக்கு ஆறு வயதானபோது யாரோ வந்து நடுவில் கம்பி கட்டினார்கள். அந்தப் பக்கத்துக்குச் சோலைவனம் என்று பெயர் வைத்து, கொடி ஏற்றி, அது வேறு நாடு என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு போனில் பேசுவதோடு சரி.

அந்தப் பூங்கோதைக்குத்தான் இப்போது கல்யாணம்.

"மாமா, நீங்க வந்து என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் மணமேடை ஏறுவேன். இல்லன்னா கல்யாணமே வேண்டாம்" என்று போனில் சொல்லிவிட்டாள்.

வெறும் பிடிவாதம் இல்லை இது. மணமேடைக்குப் பெண்ணைத் தாய்மாமன் கைப்பிடித்து அழைத்துவருவது அவர்கள் வழக்கம். போதாததற்கு, முள் படாமல் ஒரு முள்ளம்பன்றியின் கையைப் பிடிப்பது எல்லாருக்கும் வந்துவிடாது. பூங்கோதையின் அப்பாவே ஒருமுறை முயன்று பார்த்து இரண்டு நாள் மூக்கில் கட்டுப் போட்டிருந்தார். சங்கிலிமுத்து போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். சந்தோஷத்தில்தான்.

விசாப் படிவம் எழுதிக் கொடுப்பது நரியின் தொழில். ஆலமரத்தடியில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கேமராவும் வைத்திருந்தது. முப்பத்திரண்டு பக்கப் படிவத்தை நிரப்பியது. போட்டோ மட்டும் நான்கு முறை திரும்பி வந்தது. 'தலையில் அணிந்திருப்பதைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்கவும்' என்று ஒவ்வொரு முறையும் குறிப்பு வந்தது.

"முள்ளக் கழட்டச் சொல்லுதான். நான் என்ன தொப்பியா போட்டிருக்கேன்?" என்றார் சங்கிலிமுத்து.

"மூச்சப் பிடிச்சுக்கிட்டு முள்ளப் பின்னால படிய வைங்க அண்ணாச்சி. ஒரு நிமிஷந்தான்" என்றது நரி. ஐந்தாவது படம் தேறியது. அதில் அவர் மூச்சுத் திணறுகிற முகத்தோடு இருந்தார்.

நேர்காணலுக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். பகலில் தூங்குகிற பிறவி அவர். நின்றுகொண்டே தூங்கி விழுந்தார். அவருக்குப் பின்னால் மட்டும் யாரும் இடித்துக்கொண்டு நிற்கவில்லை. அன்றைக்கு அவருக்குக் கிடைத்த சலுகை அது ஒன்றுதான்.

கவுன்ட்டரில் ஒரு வரிக்குதிரை அம்மாள் உட்கார்ந்திருந்தாள். சோலைவனத்து அதிகாரி. தமிழை மூன்று மாதப் பயிற்சி வகுப்பில், புத்தகத்திலிருந்து கற்றவள். உடம்பிலும் சரி, மனசிலும் சரி, அவளிடம் இருந்தது கறுப்பு, வெள்ளை என்று இரண்டே நிறம்.

"தாங்கள் செல்லாவிட்டால் திருமணம் நடைபெறாது என்று எழுதியுள்ளீர்கள். மணமகன் செல்லாவிட்டால்?"

"அப்பவும் நடக்காதும்மா."

'மணமகன்கள் இருவர்' என்று எழுதிக்கொண்டாள்.

"திருமணம் முடிந்ததும் என்ன செய்வீர்கள்?"

"சாப்பிட்டுட்டு வந்துருவேன்."

"எங்கே?"

"இங்கதான்."

வரிக்குதிரை குளம்பால் தரையைத் தட்டிக் காட்டினாள். "இந்த அலுவலகம் தங்கள் காட்டில் இருந்தாலும் சட்டப்படி இது சோலைவனத்து மண். ஆகவே இங்கே வருவேன் என்றால், சோலைவனத்துக்கு வருவேன் என்று பொருள்."

"ஐயோ, இல்லம்மா. போயிட்டு வந்துருவேன்னு சொல்லுதேன்."

"மறுபடியும் வருவேன் என்றே சொல்கிறீர்கள். தாங்கள் திரும்பிப் போவீர்களா என்பதுதான் என் கேள்வி. 'போகிறேன்' என்று சொல்லுங்கள். முத்திரை குத்திவிடுகிறேன்."

சங்கிலிமுத்துக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "அம்மா, நல்ல காரியத்துக்குக் கிளம்புறவன் வாயால போறேன்னு சொல்லுவானா? போறேன்னா ஒரேயடியாப் போறதுல்லா! கல்யாணப் பொண்ணுக்கு ஆகுமா அது?"

வரிக்குதிரை எழுதினாள்: 'விண்ணப்பதாரருக்குத் திரும்பிப் போகும் எண்ணம் அறவே இல்லை. நிராகரிக்கப்படுகிறது.'

என்ன நடந்தாலும் மரியாதை தவறாதவர் சங்கிலிமுத்து. எழுந்து கும்பிட்டு, "சரிம்மா, அப்ப நான் வாரேன்" என்றார். 'நிராகரித்த பிறகும் வருவதாக மிரட்டினார்' என்று கீழே இன்னொரு வரி ஏறியது.

நரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அண்ணாச்சி, கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு. மேல்முறையீடு போட்டிருக்கேன், நாளைக்கு மறுபடி கூப்பிடுவாங்க. ஒரு வார்த்தை! வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? வீட்டுல போய்ச் சொல்லிப் பழகுங்க."

அன்றைக்கே, திங்கட்கிழமை மத்தியானம். மனைவி செல்லக்கிளி கிழங்கு தோண்டப் போயிருந்தாள். சங்கிலிமுத்து வளை வாசலில் நின்று பழக ஆரம்பித்தார்.

"நான் போ… போ… போயிட்டு வாரேன்."

நாக்கு வழுக்கி வழுக்கி அங்கேயே போய் நின்றது. மணமேடைக்குக் கீழே பூங்கோதை தனியாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்பது போல நினைத்துப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "போறேன்! எல்லாரும் கேட்டுக்கோங்க, நான் போறேன்!" என்று காடு அதிரக் கத்தினார். கத்திய அதிர்ச்சியில் அப்படியே மல்லாக்க விழுந்து மயங்கிவிட்டார்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கிழங்கோடு வந்து சேர்ந்தாள் செல்லக்கிளி.

அவள் போட்ட கூப்பாட்டில் மரத்திலிருந்த குரங்கு கீழே எட்டிப் பார்த்தது. விசாரிப்பதற்கெல்லாம் அதற்குப் பொறுமை கிடையாது. 'மாமா போய்ட்டார்' என்று குடும்ப குரூப்பில் போட்டுவிட்டது. பதினைந்து நிமிஷத்தில் பந்தல்காரன் வந்துவிட்டான்.

கல்யாணத்துக்குத்தான் முப்பத்திரண்டு பக்கம். துக்கத்துக்கு வேலியைத் திறந்துவிடுவது இரண்டு நாட்டுக்கும் வழக்கம். படிவம் ஒரே பக்கம், கேள்வியும் 'யார் போனது?' என்ற ஒன்றுதான். மாடத்தியும் பூங்கோதையும் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார்கள். சம்பந்தி வீட்டுத் துக்கத்துக்குப் போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் போட்டார்கள். கல்யாணத்துக்கு வர வசதிப்படாது என்று சொல்லியிருந்த சொந்தங்கள்கூட முண்டியடித்துக்கொண்டு போட்டன. மொத்தம் நாற்பத்தேழு பேருக்கு ஐந்து நாள் அனுமதி கிடைத்தது.

சங்கிலிமுத்துக்கு மயக்கமாகத் தொடங்கியது பாதியில் தூக்கமாக மாறிவிட்டது. வரிசையில் நின்று கெட்டுப்போன தூக்கம். மறுநாள் காலை கண் விழித்தபோது காதில் ஒப்பாரி கேட்டது. யார் வீட்டில் என்று கேட்க வாயைத் திறந்தார், திறக்க முடியவில்லை. தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

முள்ளுக்குப் பயந்து எல்லாரும் எட்ட நின்றே அழுதார்கள். ஒருத்தி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, இனிமே என் கைய யாரு பிடிப்பா?" என்று விம்மினாள் பூங்கோதை.

பேச வழியில்லாத சங்கிலிமுத்து அந்தக் கையை, ஒரு முள் படாமல், மெதுவாக அழுத்திப் பிடித்தார்.

"எம்மா! மாமா என் கையப் பிடிக்காரும்மா!"

கட்டை அவிழ்த்தார்கள். செல்லக்கிளி அவரை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்து, இரண்டிலும் முள் குத்திக்கொண்டாள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு முதலில் கேட்டது, "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்பதுதான்.

"சாவு வீட்டுல எப்படிங்க கல்யாணம் வைக்கிறது?" என்று மாப்பிள்ளையின் அப்பா தயங்கினார்.

"செத்தவரு எந்திரிச்சு உக்காந்துட்டா அது எப்படிங்க சாவு வீடு?" என்றது நரி. "பந்தல் இருக்கு, மேளம் இருக்கு, சொந்தம் மொத்தமும் இருக்கு. வாசல்ல வாழைமரம் கட்டுனாப் போதும். யோசிச்சுச் சொல்லுங்க. திருப்பிக் கூப்பிட்டா இத்தனை பேரும் வருவாங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. குறித்த நாளில், குறித்த நேரத்தில், சங்கிலிமுத்து பூங்கோதையின் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வந்தார். ஒப்பாரிக்கு வந்தவர்களே குலவை போட்டார்கள். தொண்டை மட்டும் கொஞ்சம் கட்டியிருந்தது.

எல்லாரும் ஊர் திரும்பிய இரண்டாம் நாள் ஒரு கவர் வந்தது. 'தங்கள் மேல்முறையீடு ஏற்கப்பட்டது. விண்ணப்பதாரர் போய்விட்டார் என்று குடும்பத்தினர் நாற்பத்தேழு பேர் எழுத்துமூலம் உறுதி அளித்துள்ளனர். இனி ஐயத்துக்கு இடமில்லை. பத்தாண்டுக்குப் பலமுறை வந்துபோகும் விசா வழங்கப்படுகிறது.'

பூங்கோதையை அவள் புது வீட்டில் போய்ப் பார்க்க, பலகாரத் தூக்கோடு வேலியடிக்குப் போனார் சங்கிலிமுத்து. அங்கேயும் அதே வரிக்குதிரைதான். விசாவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இது போய்விட்ட ஒருவருக்கு வழங்கப்பட்டது. தாங்கள் போய்விட்டீர்களா?"

சங்கிலிமுத்து இந்தத் தடவை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "போயிட்டேம்மா."

"எப்போது?"

"திங்கக்கிழமை மத்தியானம்."

"ஆழ்ந்த இரங்கல்" என்று சொல்லி வரிக்குதிரை முத்திரை குத்தினாள். வேலி திறந்தது.

நீதி: சொந்தபந்தம் ஒன்றுவிடாமல் வந்து சேர வேண்டுமானால், கல்யாணப் பத்திரிகையைக் 'கண்ணீர் அஞ்சலி' என்று அச்சடிக்கவும். முகூர்த்த நேரத்தை அடியில் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.