நண்டு முதுகில் ஒரு நல்லாட்சி

உலகம் இதுவரை கண்ட ஆட்சிகளிலேயே உன்னதமானது ஒரு துறவி நண்டின் முதுகில் நடக்கிறது. நண்டு சுமக்கும் காலிச் சங்கின் மேல் இளஞ்சிவப்பு வெல்வெட் போலப் படர்ந்திருக்கும் அந்தக் கூட்டுயிருக்கு ஹைட்ராய்டு என்று பெயர். நூற்றுக்கணக்கான மொட்டுகள். சில தின்னும், சில சண்டை போடும், சில பிள்ளை பெறும். சண்டைக்காரர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் வாயே கிடையாது. வயிறு பொது என்பதால் பட்டினியும் கிடையாது. தலைவர் என்றொரு தொல்லை அறவே கிடையாது.

ஸ்வீடனின் மேற்குக் கரையிலுள்ள எங்கள் கடல் ஆய்வு நிலையத்தில் இதைப் பல்லாண்டாகப் பார்த்தும் நாங்கள் திருந்தவில்லை. இயக்குநர் டோர்கெல் இரண்டு நாள் 'நிர்வாகப் புத்தொளி முகாம்' போய்வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது.

வியாழக்கிழமை காப்பிக் கூட்டத்தில் அறிவித்தார்: "இனிமே இங்க தலைவரே கிடையாது. நானும் ஒரு மொட்டு."

"அப்போ கடல் தெரியுற அந்தப் பெரிய ரூம்?" என்றாள் குன்வோர்.

"மொட்டுக்கு வெளிச்சம் வேணுமில்ல?"

குன்வோர், பத்தொன்பது வருடமாக எங்கள் தொட்டிகளிலுள்ள கூட்டுயிர்களுக்குச் சொட்டுக்குழாயால் இறால் குஞ்சு ஊட்டுபவள். டோர்கெல் அவள் பக்கம் கனிவோடு திரும்பினார்.

"கூட்டுயிர் தானா தின்னுக்கும், குன்வோர். ஊட்டுறதுக்குத் தனி ஆள் எதுக்கு? இந்த மாசத்தோட உன் வேலை 'எல்லாருக்குள்ளயும் கரையுது'."

"கடல்ல தின்னுக்கும், டோர்கெல். கண்ணாடித் தொட்டியில யாரு போடுவா?"

"அமைப்பு போடும்."

"அமைப்புக்குக் கை இருக்கா? ஞாயித்துக்கிழமை வருமா?"

எங்கள் ஊரில் இயக்குநரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். வீட்டுக்கு அனுப்புவதும் அதே உரிமையோடுதான். எதையும் ஒருமனதாகவே முடிவு செய்வோம். யாரும் பேசாவிட்டால் அது ஒருமனம்.

"ஆட்சேபம் இருந்தா தாராளமா சொல்லலாம்" என்றார் டோர்கெல்.

தட்டில் காப்பிக்கு வைத்த இலவங்கப்பட்டை பன்களில் கடைசி ஒன்று இருந்தது. கடைசியை முழுசாக எடுப்பது எங்களிடம் கொலைக்கு அடுத்த குற்றம். எனவே தட்டின் பக்கத்திலிருந்த சக ஊழியன் ஸ்டூரே பாதியை வெட்டிக்கொண்டான். அடுத்தவள், பாதியில் பாதி. தட்டு என்னிடம் வந்தது. குன்வோர் என்னையே பார்த்தாள். என் அம்மா செத்த வாரம் என் தொட்டிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவள். தொண்டையைக் கனைத்தேன். பிறகு, மிகுந்த நியாயத்தோடு, எனக்குரிய பாதியை வெட்டிக்கொண்டேன்.

சுற்றி முடிந்து தட்டு அவளிடம் போனபோது சுண்டுவிரல் நகமளவு மிச்சம். அவள் வெட்டவில்லை. அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி, கடைசித் துண்டையா!" எட்டு வாயும் ஒன்றாகத் திறந்தன.

கூட்டக் குறிப்பு எழுதுபவன் நான். எழுதினேன்: 'குன்வோரின் பணி நீக்கம்: ஆட்சேபம் இல்லை. பன்: கடும் ஆட்சேபம், ஒருமனதாக.'