எட்டுக்காலும் என் கல்யாணமும்

பெங்களூரையே சல்லடை போட்டுச் சலித்தாலும், சிலந்தியை முகம் பார்த்துப் பேர் சொல்ல எங்கள் எட்டுக்காலை விட்டால் ஆள் கிடையாது. அவனுடைய சொந்தப் பேர் அவன் அம்மாவுக்கே மறந்திருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐ.டி. வேலைக்கு வந்த கும்பலில் நாங்களும் இருந்தோம். மாரத்தஹள்ளிக்கு அப்பால் ஒரு கௌடருடைய பழைய மாட்டுக் கொட்டகையில் குடியிருப்பு. மாடுகளை விற்ற கையோடு எங்களைக் கட்டிவிட்டார் மனுஷன். தீவனத் தொட்டியில் எங்கள் துணி கிடக்கும். ஓடு, உத்தரம், மூலை முடுக்கு எல்லாம் சிலந்தி. எட்டுக்கால் ஆபீஸிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் லென்ஸும் டார்ச்சுமாக ஸ்டூல்மேல் ஏறிவிடுவான்.

"கண்ணைப் பாருடா! முன்னாடி ரெண்டும் லாரி ஹெட்லைட் மாதிரி. இவரு குதிக்கிற வகை. வலையெல்லாம் கட்ட மாட்டாரு."

என் அப்பாவிடம்கூட அவன் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. யாராவது ஒட்டடைக் கம்பைத் தொட்டால் போச்சு, வாரக்கணக்கில் முகம் கொடுக்க மாட்டான்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். எனக்குப் பெண்ணை ஏகத்துக்கும் பிடித்துவிட்டது. பெங்களூரிலேயே ஒக்கலிபுரத்திலிருந்த, தமிழில் பாதி கன்னடம் கலந்து பேசும் அவள் அப்பா, பையன் தங்கியிருக்கும் இடத்தைப் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்தார். "இன்னிக்கு மட்டும் சிலந்தியப் பத்திப் பேசாதடா" என்று எட்டுக்காலிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தேன்.

வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். காலண்டருக்குப் பின்னாலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, வயிற்றடியில் முட்டைப் பையோடு இறங்கி வந்தது.

"அய்யய்யோ! ஏனப்பா இது, என்னது இது, விஷமா? இந்த மாதிரி எடத்துல இருக்கிறவனுக்கா என் பொண்ணு?" அவர் கட்டில்மேல் ஏறி நின்றுவிட்டார்.

எட்டுக்கால் எழுந்தான். தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சும்னே பயப்படாதீங்க சார். இது சாது. இதுக்குப் பல்லே கெடையாது."

அதைக் கையிலே ஏந்திச் சிரித்துக்கொண்டே வெளியே போனான். திரும்பி வந்து ஒரு கையைப் பின்னால் வைத்தபடியே அவருக்குக் காபி கொடுத்தான். "பையன் தங்கம் சார்" என்று வேறு சொன்னான். அவரும் குளிர்ந்துபோய், நல்ல நாள் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் ஆட்டோ ஏறியதும் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். போண்டாவாக வீங்கியிருந்தது.

"வேட்டைச் சிலந்திடா. முட்டையோட இருக்கும்போது தொட்டா கடிக்கத்தான் செய்யும். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

"பைத்தியமாடா நீ? வலிக்கலையா?"

"வலிய விடு. பல்லு இல்லன்னு சொல்லிட்டேனே, அதான்டா பேஜாரா இருக்கு." அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய் என்பார்கள். எனக்கு ஒன்றே போதுமாயிருந்தது. அந்த ஒன்றைச் சொல்ல அவன் பட்ட பாட்டை நினைத்தால், இன்றைக்கும் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.