இறந்துவிட்டார் என வைத்துக்கொள்வோம்

வீட்டில் முதன்முதலாகப் படித்த ஆளுக்கு நோய் போல ஒரு வருத்தம் உண்டு: தெரிந்ததை வாய்க்குள் வைத்திருக்க முடியாது. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டை அம்மா அடுப்புக்குள் வைக்கப்போனால், பிடுங்கி உரக்க வாசிப்பேன். அப்பா மீன்பிடிக்க வள்ளத்துக்குப் போகும் அவசரத்திலும் பாராளுமன்றச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். (கேட்காவிட்டாலும் சொல்வேன்.) எங்கள் பரம்பரையில் கையெழுத்து வைக்கத் தெரிந்த முதல் ஆள் நான் என்பது வல்வெட்டித்துறையில் யாருக்காவது தெரியாமல் இருந்தால், அது என் குற்றம் அல்ல.

உயர்தரப் பரீட்சையில் அரசியலும் படித்துச் சித்தியடைந்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டில் இருந்த காலம். எங்கள் வாசிகசாலையில் பாலர் வகுப்பு ஒன்று தொடங்கப்போவதாகக் கதை வந்தது. அந்த ஆசிரியை வேலை எனக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் அம்மாவோடு கருவாடு காயப்போட வேண்டியதுதான். ஆளைத் தெரிவு செய்வது நிர்வாகசபை. தலைவர் வேலும்மயிலும் ஐயா முந்திப் பாய்க்கப்பலுக்குத் தண்டையலாக இருந்து, அதை ஓட்டி நாலு துறைமுகம் கண்டவர். இப்போது தொய்வுக்காரர், நாலு சொல் பேசினால் மூச்சு வாங்கும். அவரிடம் போய் நின்றேன்.

“ஆண்டு விழா மேடையிலை ஏறி ஒருக்காக் கதை பிள்ளை. சனம் கேக்கட்டும். அடுத்த கூட்டத்திலை உன்ரை அலுவலைப் பாப்பம்.”

நாட்டில் புதிய அரசியலமைப்பு வந்து, அதிகாரமெல்லாம் ஜனாதிபதியின் கைக்குப் போயிருந்த நேரம். ‘ஜனாதிபதிக்குப் பிறகு யார்?’ என்று தலைப்புக் கொடுத்தேன். (பாலர் வகுப்பு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு என் மூளைக்கு எட்டவில்லை.)

மேடையில் நடுவே தலைவர். ஒரு பக்கம் உபதலைவர் துரைராசா அண்ணை, பலசரக்குக் கடைக்காரர். மறுபக்கம் செயலாளர் அருளம்பலம் மாஸ்டர். கீழே பாயில் பெண்கள். எல்லோருக்கும் முன்னால் தலைவரின் மனைவி கனகம்மா மாமி.

“அமெரிக்காவில் ஜனாதிபதி பதவி வெற்றிடமானால்...” என்று தொடங்கினேன். சனம் கொட்டாவி விட்டது. ஒருவர் பக்கத்து ஆளிடம் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டார். வேலை கையை விட்டுப் போவது எனக்குக் கண்ணால் தெரிந்தது. அப்போதுதான் எங்கள் அரசியல் ரீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது: கண்ணுக்கு முன்னால் இருப்பதை உதாரணம் காட்டு.

“எங்கள் வாசிகசாலையையே ஒரு நாடு என வைத்துக்கொள்வோம்” என்றேன். சனம் நிமிர்ந்தது. “நாளைக்குத் தலைவர் ஐயா இறந்துவிட்டார் என வைத்துக்கொள்வோம்.”

கொட்டாவிகள் நின்றன. சுருட்டுக்காரர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

“அமெரிக்க முறையென்றால் உபதலைவர் துரைராசா அண்ணை அந்த நிமிடமே தலைவர். தேர்தல் தேவையில்லை. ஐயாவின் மிச்சக் காலம் முழுவதும் அவர்தான்.” துரைராசா அண்ணை கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். “அண்ணையும் இறந்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். அடுத்தது சபாநாயகர். எங்களுக்கு அருளம்பலம் மாஸ்டர்.” மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “எங்கள் நாட்டிலோ உப ஜனாதிபதியே கிடையாது. பிரதமர் பதிலுக்கு இருப்பார். ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர் ஒருவரைத் தெரிவு செய்யவேண்டும். அவருக்கும் செத்தவரின் மிச்சக் காலம் மட்டும்தான்.”

கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது. “பிள்ளை, அந்தாள் உயிரோடை கதிரையிலை இருக்குது.”

“ஓம் மாமி. இது உதாரணம்.”

“உதாரணத்துக்கு உன்ரை கொப்பரை வையன்.”

“அப்பா பதவியிலை இல்லையே மாமி.”

(இதை நான் மிகவும் பணிவாகச் சொன்னேன். அது இன்னும் மோசம்.) பின்னால் நின்ற அப்பா வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் இயலாமை பற்றிய பகுதி மிச்சம் இருந்தது; பாடமாக்கியதை வீணாக்க மனம் வரவில்லை. “சாகவில்லை, ஆனால் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறார் என வைத்துக்கொள்வோம்...”

அன்றைக்குச் சிரித்தவர் ஒரே ஒருவர், தலைவர்தான். கூட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“செத்தவன்ரை மிச்சக் காலத்தை மற்றவன் இருந்து முடிக்கலாம் எண்டாய். அது பதவிக்கு மட்டுமோ?”

“ஓம் ஐயா. பதவிக்கு மட்டும்தான்.”

“அப்ப எனக்குப் பிரயோசனமில்லை.” சிரிப்பு இருமலாக மாறி, அது நிற்க வெகுநேரம் எடுத்தது. சட்டத்தை விளங்கப்படுத்திய திருப்தியில் நான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே ஐயா இறந்துபோனார். தொய்வு கடுமையாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

செத்தவீட்டுக்கு அம்மாவோடு போனேன். சனம் எனக்கு வழிவிட்டது. முட்டிவிடக்கூடாது என்று ஒதுங்கியது. தலைமாட்டில் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த மாமி என்னைக் கண்டதும் புதிதாக ஓர் அடி சேர்த்தார்.

“சபை நடுவே நாள் குறிச்சாள், என்ரை ராசா,
படிச்சவள் வாயாலே பறிகுடுத்தேன்...”

சுற்றியிருந்த பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். என் பெயர் அதில் இல்லை. தேவையும் இல்லை. ஊர் முழுக்க என்னைப் ‘படிச்சவள்’ என்று சொல்லவேண்டும் என்பது எனக்கு எத்தனை நாள் ஆசை. அந்த மனிதர் சிரித்தது நினைவுக்கு வந்தது. அழுதால் நடிப்பு என்பார்கள், அழாவிட்டால் கல்நெஞ்சு என்பார்கள் என்று பயந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன்.

தலைவர் இல்லாமல் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாமல் பாலர் வகுப்பு இல்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் துரைராசா அண்ணையின் கடைக்குப் போனேன். (வெட்கம் இருந்தது. வேலையும் வேண்டியிருந்தது.)

“அண்ணை, வெற்றிடம் ஏற்பட்டால் வாசிகசாலை யாப்புச் சட்டப்படி உபதலைவர்தான்...”

“வெற்றிடமோ? அது நீ ஏற்படுத்தின வெற்றிடம்.” சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்தார். “அடுத்தது ஆர் எண்டும் நீதானே சொன்னனி. எனக்குக் கட்டிக்குடுக்கக் குமர்ப்பிள்ளையள் இருக்குதுகள். நான் உபதலைவராவே இருந்திட்டுப் போறன்.”

மாஸ்டரிடம் போனேன். கணிதம் படிப்பிக்கிறவர். ‘வைத்துக்கொள்வோம்’ என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

“எனக்கு உதிலை நம்பிக்கையில்லைப் பிள்ளை” என்றார் மாஸ்டர். “ஆனா வீட்டிலை மனுசி விடுறா இல்லை.”

இரண்டு நாட்டு அரசியலமைப்பும் ஒரு வாசிகசாலைக்குள் படுத்துவிட்டன. தலைவரின் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு, விழா அன்று கொழும்பில் இருந்த ஒருவரைத் தேடிப் பிடித்துத் தலைவராக்கினார்கள். அவருடைய தகுதி, என் பேச்சைக் கேட்காதது. பாலர் வகுப்பு வேலை, அதே மேடையில் ஒரு தேவாரம் பாடிவிட்டுப் பேசாமல் இறங்கிய பெட்டைக்குப் போனது. தாய்மார் என்னை வேண்டாம் என்றார்களாம். “வரவுக்குப் பேர் கூப்பிடேக்கை பிள்ளையளுக்கும் ‘வைச்சுக்கொள்ளுவம்’ எண்டு ஏதும் வைச்சிட்டாளெண்டால்?”

இப்போது கொக்குவிலில் ரியூசன் வகுப்பு நடத்தும் ஒரு ரியூட்டரியில் அரசியல் படிப்பிக்கிறேன். உதாரணங்களுக்கு அமெரிக்கர்களை மட்டுமே சாகடிக்கிறேன். சனி ஞாயிறு வீட்டுக்கு வருவேன்.

அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். இந்த நாட்களில் கடலில் காற்றுக்கு மட்டும் பயப்பட்டால் போதாது, நேவிக்கும் பயப்படவேண்டும். வாசல் படலையடியில் நின்று, “பிள்ளை, ஒண்டையும் வைச்சிராதை” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். அம்மா சிரிப்பார். நானும் சிரிப்பேன். பிறகு நான் வாய் திறப்பதில்லை. அம்மா கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். வள்ளம் கரையேறியதும், அப்பா இடுப்பில் ஈரச்சாரத்தோடு படலையைத் தள்ளிக்கொண்டு வருவார்.

“வந்திட்டன் பிள்ளை” என்பார். “இனி வை.”