இடதுகால் ஷூவின் முற்றுகை

வாழ்க சதவீதனார்! புறநகர்ப் பள்ளி வட்டாரத்தின் புள்ளிவிவரப் புலி, பட்டை வரைபடம் கண்டால் பசி மறக்கும் பண்பாளர், மூன்றாம் வகுப்பு மதிப்பெண்ணை முகர்ந்து பார்த்தே அப்பிள்ளை மழலையர் பள்ளிக்குப் போனதா, வீட்டில் கிடந்ததா என்று உரைக்கவல்ல மோப்பத் திறலோர், அலுவலகத்தார் பாதி அன்பாலும் பாதி அலுப்பாலும் 'சதவீதம்' என்றழைக்க அதையே விருதெனச் சூடிய வீரர், நீடூழி வாழ்க! எண்களைக் காக்கும் தெய்வங்களே, அப்பெருமகன் தம் நான்கு வயது மகளிடம் தோற்ற வரலாற்றைச் சொல்லப் புகுந்தோம். எம் நாவில் வந்து அமர்வீர். இடம் போதாதெனில் நின்றபடியாவது கேட்பீர்.

அன்று காலை ஒன்பது மணிக்கு வட்டாரக் கல்விக் குழு கூடவிருந்தது. அரசு மழலையர் பள்ளியை மூடி, அதன் அறையைப் பெரிய வகுப்புகளின் தேர்வுப் பயிற்சிக்குக் கொடுத்துவிடலாமா என்பதே வழக்கு. "அங்க பிள்ளைங்க விளையாடத்தானே செய்யுது, மார்க் எங்க வருது?" என்று குழுத் தலைவியம்மாள் முந்தைய கூட்டத்தில் முழங்கியிருந்தார். அம்முழக்கத்துக்கு மறுமுழக்கமாக நம் தலைவர் ஓர் அறிக்கை சமைத்திருந்தார். அதில் மழலையர் பள்ளி டீச்சர் வகுத்த சட்டம் ஒன்றை வானளாவப் புகழ்ந்திருந்தார். பிள்ளை செய்யும் வேலையில் பெரியவர் கை பட்டால், பிள்ளை அதைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தானே செய்ய வேண்டும் என்பதே அச்சட்டம். அப்படிப் பழகிய பிள்ளைகளே பின்னாளில் கணக்குத் தேர்வில் கலங்காமல் நிற்கிறார்கள் என்று வண்ண வண்ணமாக வரைந்து நிறுவியிருந்தார். அவர் மகளும் அப்பள்ளியில்தான் படித்தாள்.

விடியலிலேயே மருத்துவமனைப் பணிக்குக் கிளம்பிய அவருடைய துணைவி, செவிலியர் குலவிளக்கு, வாசற்படியில் நின்று ஒரே ஒரு வாக்கு அருளியிருந்தார்: "அவளுக்கு நீங்க உதவி பண்ணாம இருந்தாலே பெரிய உதவி." வீரர்கள் எந்தக் காலத்தில் மனைவி சொல் கேட்டார்கள்?

கதவோர மிதியடியே போர்க்களமாயிற்று. பள்ளிக்குத் தானே ஷூ மாட்டிக்கொள்ள அதன்மேல் கால்நீட்டி அமர்ந்தாள் இளவரசி. வலதுகால் ஷூ ஒரே மூச்சில் வீழ்ந்தது. இடதுகால் ஷூவோ வீழவில்லை. அதன் வாரைப் பிடித்து அவள் இழுக்க, வார் வளைய, பூட்டின் கம்பி துளையை நெருங்கி நெருங்கி நழுவ, நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்க, அவள் மீண்டும் இழுக்க, அறிக்கைப் பையைத் தோளில் சுமந்த நம் தலைவர் கூண்டுப்புலியெனக் குறுக்கும் நெடுக்கும் உலவி, கடிகாரத்தை நோக்கி, வாரை நோக்கி, மறுபடி கடிகாரத்தை நோக்கி, கடைசியில் மகள் மூக்கைச் சொறிந்த இமைப்பொழுதில், சுண்டுவிரல் ஒன்றால் அக்கம்பியைத் துளைக்குள் தள்ளிவிட்டார்.

"அப்பா தொட்டுட்டே! முதல்ல இருந்து!"

பிரகடனம் வீட்டையே உலுக்கியது. இடது ஷூ கழன்றது. வென்றெடுத்த வலது ஷூவும் கழன்றது. நீதி தவறாத அந்தச் சிறுமி சாக்ஸையும் கழற்றினாள்.

தலைவர் பிஸ்கட் தூது அனுப்பினார். தூது உண்ணப்பட்டது, உடன்பாடு ஏற்படவில்லை. இரண்டாம் முறை வார் துளையை எட்டும் தருணத்தில், முறுக்கிக் கிடந்த சாக்ஸைச் சற்றே நேராக்கினார். மறுபடியும் முதலிலிருந்து. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். விடாமுயற்சி என்ற சொல்லை உலகுக்கு அளித்தவன் எவனோ, அவனை அக்கணமே கையில் கிடைத்தால் பிய்த்துவிடும் அளவுக்கு அவருக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்துக்கு அடியில் பயம் இருந்தது. பேச ஆளில்லாமல் அந்தப் பள்ளியை மூடிவிட்டால், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் இந்தப் பிள்ளையைப் பகலெல்லாம் யார் பார்த்துக்கொள்வது?

ஆகவே போர்நெறி துறந்தார். வார் தொங்கும் இடதுகாலோடு மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, "நானே! நானே!" என்னும் போர்முரசு காதருகில் ஒலிக்க, பள்ளியில் விட நேரமின்றி நேரே குழுக்கூட்டத்துக்கு ஓடினார்.

மூடும் தீர்மானம் மேசைமேல் ஏறியிருந்தது. நம் தலைவர் வாய் திறந்தார். மூச்சு வந்தது, பேச்சு வரவில்லை. மகள் இறங்கித் தரையில் அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். தலைவியம்மாள் அருகில் வந்து குனிந்தார். "குடும்மா, ஆன்ட்டி மாட்டி விடறேன்" என்று வாரில் கை வைத்தார்.

ஐயகோ! தடுக்க எண்ணிய தலைவரின் கை பாதி வழியிலேயே நின்றது.

"ஆன்ட்டி தொட்டுட்டீங்க! முதல்ல இருந்து!"

ஷூ கழன்றது, மற்ற ஷூ கழன்றது, கல்விக் குழுவின் கண்ணெதிரே சாக்ஸும் கழன்றது. கணக்காளர் பேனாவை மூடி வைத்தார். கம்பி நழுவியபோதெல்லாம் அவையே மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தது. உதவப் பறந்த கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்தார்கள் மூத்த உறுப்பினர்கள். நழுவியது, நழுவியது, நுழைந்தது. "ஆச்சு!" என்றாள் அவள். அவை கைதட்டியது. நம் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"மார்க் எப்படியோ போகட்டும்," என்றார் தலைவியம்மாள், தம் இருக்கைக்குத் திரும்பியபடி. "இந்தப் பிடிவாதத்தை நம்ம எந்த வகுப்புலயும் சொல்லிக் கொடுக்கலை. பள்ளிக்கூடம் இருக்கட்டும்."

மூடுவதை எதிர்த்துக் கைகள் உயர்ந்தன. தீர்மானம் வீழ்ந்தது. பட்டை வரைபடங்கள் பையை விட்டு வெளியே வரவே இல்லை. எனினும் விடாமுயற்சியின் காவலர், மழலையர் பள்ளியின் மீட்பர், தாமே புகழ்ந்த சட்டத்தால் தாமே அடிபட்டு வென்ற தனிப்பெரும் வீரர் சதவீதனார், மகளின் கையைப் பிடித்து, அவையோர் இருபுறமும் விலகி வழிவிட, தலை நிமிர்ந்து வெளியேறினார்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில், மகளுக்கு வார் இல்லாத செருப்பு ஒரு ஜோடி வாங்கினார்.