ஏழாம் ஏழுக்கு என்ன கோப்பி?

சிங்கப்பூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சினி கிம் லியானுக்கு அத்தான் செங் ஹோக் எழுதுவது. மூவாரில் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வராமல் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் சுகமாக இல்லை. மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

உன் அக்கா கண்ணை மூடியபின் கோப்பிக்கடையில் நான் ஒருவன்தான். பழக்க தோஷத்தில், "கோப்பி ஓ, காவ், ரெண்டு!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்திவிட்டு, நானே உள்ளே ஓடிப் பால் இல்லாமல் ஸ்ட்ராங்காக இரண்டு கலக்கி வருகிறேன். அதற்குள் என் கோப்பி ஆறிப்போகிறது. முன்பெல்லாம் பாதி குடித்து வைத்தால் திரும்பி வருவதற்குள் காலியாகிவிடும். தினமும் முன்மேசையில் உட்காரும் பூன் ஹுவாட்தான் திருடிக் குடிக்கிறான் என்று முப்பது வருஷம் அவனோடு மல்லுக்கு நின்றது உனக்குத் தெரியுமே.

விஷயத்துக்கு வருகிறேன். ஏழு நாளுக்கு ஒருமுறை கடையிலுள்ள அவள் பீடத்தில் படையல் வைத்து, பிறை வடிவ மரக்கட்டை இரண்டையும் தரையில் போட்டு அவள் சம்மதம் கேட்கிறேன். சோறு, வாத்து, ஆரஞ்சு எல்லாவற்றுக்கும் ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தது, சம்மதம். கோப்பி மட்டும் ஆகவில்லை. முதல் ஏழுக்கு 'ஓ' வைத்தேன், இரண்டு கட்டையும் கவிழ்ந்தன, வேண்டாமாம். டின்பால் ஊற்றி 'சி' வைத்தேன், வேண்டாம். சர்க்கரையில்லாமல் 'கோசோங்', அதுவும் வேண்டாம். கடைசியில் எவனோ சொன்னான் என்று 'பந்து உதை' வைத்தேன். அதுதான், டின்னில் பந்தாட்டக்காரன் படம் போட்ட மைலோ. இரண்டு கட்டையும் மல்லாந்தன. சிரிக்கிறாள்! கடையே கூடிவிட்டது.

"முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துன. பொண்டாட்டி என்ன குடிப்பான்னு தெரியாதாய்யா?" என்றான் பூன் ஹுவாட்.

"தெருவுல ஒவ்வொருத்தனும் என்ன குடிப்பான்னு தெரியும். அவ எதுவும் கேட்டதே இல்லடா!"

சொல்லிவிட்டு எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன், மச்சினி. வரும் புதன்கிழமை ஏழாம் ஏழு, நாற்பத்தொன்பதாம் நாள். அதோடு அவள் கிளம்பிவிடுவாள். ஊருக்கே கோப்பி கலக்கியவள் தொண்டை காய்ந்தா போவது? உங்கள் வீட்டில் இருந்தபோது அவள் எப்படிக் குடிப்பாள்? உடனே எழுது.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் வீட்டுக்காரரின் முட்டிவலி தீரட்டும்.

அத்தான்,
லிம் செங் ஹோக்

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்து, புதன்கிழமையும் வந்துவிட்டது. காலையில் பீடத்தைத் துடைத்தபோது, பாதி குடித்த என் கோப்பையை ஞாபகமில்லாமல் அங்கேயே வைத்துவிட்டேன். எச்சில் கோப்பி! கவனிக்காமல் கட்டைகளைப் போட்டேன். ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது. மூன்று தரம் போட்டேன், மூன்று தரமும் சம்மதம்.

பூன் ஹுவாட் கோப்பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "நான் இல்லன்னு முப்பது வருஷமாச் சொல்றேனே" என்றான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீ பதில் எழுத வேண்டாம்.