மேற்குச் சுவருக்கு நன்றி

முதலியார்பேட்டை,
8-3-1982

மரியாதைக்குரிய தணிகாசலம் மாமாவுக்கு, அடுத்த வீட்டுக் கலியமூர்த்தியின் மகள் கமலவேணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நலமா என்று கேட்கத் தேவையில்லை. உங்கள் இருமலும் அத்தை தாளிக்கிற சத்தமும் தினமும் கேட்கின்றன.

இரண்டு வருஷமாக நம் இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால், பக்கத்து வீட்டுக்குத் தபாலில் எழுதுகிறேன். எங்கள் முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி வருகிறது என்று எங்களுக்கு மேற்கே நீங்கள் எழுப்பிய பத்தடிச் சுவருக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். கேலி என்று நினைக்க வேண்டாம்.

எனக்குப் பெரணிச் செடி மேல் வெகுநாள் ஆசை. நூலகத்துப் புத்தகங்களில் அது காட்டு நிழலில் வருஷக்கணக்காகத் தழைக்கிறது. நம் ஊரிலோ, ஏற்காட்டிலிருந்து வரவழைத்த மூன்று செடிகளும் ஒரே சித்திரையில் அப்பளமாகப் பொரிந்துபோயின. அப்புறம் உங்கள் சுவர் வந்தது. எங்கள் வீட்டுச் சந்தில் மத்தியானத்துக்கு மேல் வெயில் விழுவது நின்றது. புதுச்சுவருக்கு மூன்று வாரம், காலையும் மாலையும், எங்களைத் திட்டிக்கொண்டே தண்ணீர் அடித்தீர்கள். பிறகு அதை ஒட்டியே குளியலறை கட்டினீர்கள். ஈரம் எங்கள் பக்கம் கசிந்தது. அதற்கு அப்பா ஒரு மனு எழுதினார். நான் அதனடியில் தொட்டிகளை வைத்தேன். செங்கல் தூள், இலைமக்கு, உச்சி வெயிலுக்கு மேலே ஓர் ஈரச்சாக்கு, அவ்வளவுதான் என் பங்கு. லாஸ்பேட்டை ஆபீசுக்குப் போகும்போது காலையில் நனைத்துவிட்டுப் போகிற சாக்கு, மாலையில் வந்து தொட்டுப் பார்த்தாலும் ஈரமாகவே இருக்கிறது. அதுவும் உங்கள் சுவரின் குளிர்ச்சிதான். இன்று பதினோரு தொட்டி, இடுப்பு உயரம்.

வினை போன வெள்ளிக்கிழமை வந்தது. "மேற்படி சுவரின் கீழ் புல்பூண்டும் பிழைக்காது" என்று அப்பா நகராட்சிக்கு மனு கொடுத்திருந்தார் அல்லவா, அதை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அம்மா அவசர அவசரமாகத் தொட்டிகள் மேல் ஈரப் போர்வையைப் போட்டு மூடினாள். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, பூங்கா மாதிரி இருக்குது?"

"பாசி சார்," என்றார் அப்பா.

"பாசி இவ்ளோ உசரம் வளருமா?"

"எங்க ஊட்ல வளரும்," என்றாள் அம்மா.

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும், "அவரு பர்மிசன் வாங்குனது எட்டடிக்குத்தான். புதன்கிழமை டேப்போட வர்றேன், ரெண்டடி எடுக்கச் சொல்லிடலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்த அப்பா ஏனோ ஒரே தோசையோடு எழுந்துவிட்டார்.

அதைக் கேள்விப்பட்டு நேற்று நீங்கள் கத்தியது எங்களுக்குக் கேட்டது. "ரெண்டடி இன்னாடி, மொத்தமா இடிச்சி அவன் வாசல்ல கொட்டறேன் பாரு." அத்தை சொன்னதும் கேட்டது. "கொட்டிட்டு, அப்பறம் கம்பளிப்பூச்சியோட குடித்தனம் பண்ணுங்க." அத்தை பேச்சைக் கேளுங்க மாமா. கோபத்துல இடிச்சிடாதீங்க. வர்ற சித்திரை வெயிலுக்கு என் செடிங்க ஒருநாள் தாங்காது. அந்த ரெண்டடிக்கும் புதன்கிழமைக்குள்ள பர்மிசனுக்கு எழுதிக் குடுத்துடுங்க. நான் எழுதினது மட்டும் அப்பாவுக்குத் தெரியவே கூடாது. நம் தெருத் தபால்காரர் அவருக்குச் சிநேகிதர் என்பதால், இதைக் குருசுக்குப்பம் போய்த் தபாலில் சேர்க்கிறேன்.

உங்கள் சுவரும் நீங்களும் அத்தையும் நீண்டகாலம் உறுதியாக நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் நிழலில் இருக்கும்,
கமலவேணி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதி செல்லாது. நான் தபால்தலை வாங்கப் போன நேரத்தில் அப்பா இதைப் படித்து, பென்சிலால் இரண்டு பிழை திருத்தியிருக்கிறார். "சுவரோட குளிர்ச்சியா? நீ ஆபீசு போனப்பறம் தெனம் மூணு வாட்டி அந்தச் சாக்க நனைக்கிறது யாருன்னு நெனச்ச?" என்று கேட்டார். மனுவை வாபஸ் வாங்குகிறாராம். ஓரத் தொட்டியில் ஒரு மணி வெயில் விழுகிறதாம். பர்மிஷன் கேட்பதுதான் கேட்கிறீர்கள், பன்னிரண்டடியாகக் கேட்கச் சொல்கிறார். கடிதத்தையும் அவரே கொண்டுவரக் கிளம்பி நிற்கிறார், ஆகவே இதை நீங்கள் படிக்கும்போது உங்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பார். பேச்சு அப்புறம் இருக்கட்டும், முதலில் அவர் கையிலிருக்கும் தொட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், கனம். உங்கள் பக்கம் சாயங்கால வெயில் அடிக்கும், குளியலறைக்குள் வையுங்கள்.